கடைசி வரிசையில் யார் உட்காருவது?

தர்மபுரியிலிருந்து ஒரு சகோதரி நாலு பக்கத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். குடும்பம் முதல் தடவையாகக் கார் வாங்கப் போகிறதாம். மாந்தோப்புக் குத்தகைப் பணமும், வீட்டுக்காரர் எட்டு வருஷமாகச் சேர்த்து வைத்ததும், மீதிக்கு வங்கிக் கடனுமாக ஏற்பாடு ஆகிவிட்டது. வண்டி எது என்பதில்தான் வீட்டில் பட்டிமன்றம். அவர் எழுதுகிறார்:

"என் வீட்டுக்காரருக்கு ஸ்கார்ப்பியோ மேல்தான் கண். பெரியவனுக்குக் கிரேட்டா. மாமனார் வாயைத் திறக்கவில்லை. அத்தைக்கு இரண்டு முழங்காலும் வலி. போன வருஷம் வாடகை ஜீப்பில் ஒகேனக்கல் போய் வந்ததிலிருந்து எந்த விசேஷத்துக்கும் அவர்கள் வருவதில்லை. 'எனக்கென்ன, நான் வீட்டைப் பார்த்துக்கொள்கிறேன், நீங்கள் போய் வாருங்கள்' என்கிறார்கள். நாங்கள் ஆறு பேர். பெங்களூரிலிருந்து நாத்தனார் வந்தால் ஏழு. எந்த வண்டியில் இடம் தாராளம், எந்த ஆசனம் சுகம் என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும். இன்னொன்று: எந்த வண்டி வந்தாலும் கடைசி வரிசை எனக்குத்தான் என்று இப்போதே முடிவாகிவிட்டது!"

கடைசி வரியைச் சிரித்துக்கொண்டேதான் எழுதியிருப்பார். ஆனாலும் விஷயத்தின் முடிச்சு அந்த வரியில்தான் இருக்கிறது. கார் வாங்கும்போது நம் வீடுகளில் பேசுகிறவர் ஸ்டியரிங் பிடிக்கப் போகிறவர். அவர் முன் ஆசனத்தில் உட்கார்ந்து பார்த்து, "பிரமாதம்" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டுவிடுகிறார். முன் ஆசனம் எந்த வண்டியிலும் பிரமாதமாகத்தான் இருக்கும். பின்னால் உட்காருகிறவர்கள் பாட்டியும் மருமகளும் குழந்தைகளும். அவர்களை யாரும் கேட்பதில்லை.

முதலில் பெயரைப் பற்றி இரண்டு வார்த்தை. இந்த உயரமான வண்டிகளை இப்போது எல்லோரும் எஸ்யூவி என்கிறார்கள். 'ஸ்போர்ட்ஸ் யுடிலிட்டி வெஹிக்கிள்' என்பதன் சுருக்கம். விளையாட்டுக்கும் வேலைக்கும் ஆன வண்டி என்று பொருள். மாமியாரையும் மூட்டை முடிச்சையும் ஏற்றிக்கொண்டு குலதெய்வம் கும்பிடப் போவது இதில் எதில் சேர்த்தி என்று நீங்களே தீர்மானித்துக்கொள்ளுங்கள்! குடும்பத்துக்கென்றே அமைத்த வண்டிக்கு எம்பிவி என்று வேறு பெயர் உண்டு. எர்டிகா, கேரன்ஸ், இன்னோவா எல்லாம் அந்த ஜாதி. முகம் அவ்வளவு கம்பீரமாக இராது. ஆனால் நம் கேள்விக்குப் பதில் அந்தப் பக்கம்தான் இருக்கிறது.

நம் நாட்டில் வீட்டோடு கிளம்பும் பழக்கம் புதிதல்ல. 1957இல் வந்து 2014 வரை ஓடிய அம்பாஸடரை நினைத்துப் பாருங்கள். பின்னால் சோபா மாதிரி ஒரே நீள ஆசனம். நாலு பேர் உட்கார்ந்து, மடியில் இரண்டு குழந்தைகளும் இருக்கும். பிறகு 1994இல் டாட்டா சுமோ வந்தது. 2000இல் டொயோட்டா குவாலிஸ் வந்தது. 2005இல் அது போய் இன்னோவா வந்தது. தர்மபுரியிலிருந்து மேல்மருவத்தூருக்கும் பழனிக்கும் போன குடும்பங்களில் பாதி இந்த மூன்றில் ஏதாவதொன்றில் போயிருக்கும். சுமோவின் பின்புறம் எதிரும் புதிருமாக உட்கார்ந்து, மலைப்பாதையில் முகத்தோடு முகம் இடித்துக்கொண்டு போனதை மறந்தவர்கள் யார்?

இப்போது அளவுக்கு வருவோம். வண்டியின் நீளத்தைப் பார்த்து இடத்தை எடை போடாதீர்கள். முன் சக்கரத்தின் நடுவிலிருந்து பின் சக்கரத்தின் நடு வரை உள்ள தூரத்தைக் கேளுங்கள். இதை வீல்பேஸ் என்பார்கள். ஆட்கள் உட்காரும் இடம் பெரும்பாலும் இந்தத் தூரத்துக்குள்தான் அடக்கம். மூக்கும் வாலும் எவ்வளவு நீண்டாலும் உங்கள் முழங்காலுக்கு லாபம் இல்லை.

கிரேட்டாவில் இது 2610 மில்லி மீட்டர். எர்டிகாவில் 2740. ஸ்கார்ப்பியோ-என், எக்ஸ்யூவி 700, இன்னோவா கிறிஸ்டா மூன்றிலும் 2750. கேரன்ஸில் 2780. 2022இன் கடைசியில் வந்த இன்னோவா ஹைகிராஸில் 2850. பார்த்தீர்களா வேடிக்கையை! கூட்டத்தில் சாதுவாக நிற்கும் எர்டிகாவுக்கும் மலை மாதிரி நிற்கும் ஸ்கார்ப்பியோவுக்கும் இதில் வித்தியாசம் ஒரே ஒரு சென்டி மீட்டர்.

அகலத்தில் மட்டும் ஸ்கார்ப்பியோ ஜெயிக்கிறது. அது 1917 மில்லி மீட்டர், எர்டிகா 1735. பதினெட்டு சென்டி மீட்டர் வித்தியாசம் என்பது அலட்சியப்படுத்தக் கூடியதல்ல. நடு வரிசையில் மூன்று பெரியவர்கள் உட்கார்ந்தால் தோளோடு தோள் நெருக்காமல் இருப்பது அகலத்தால்தான். கேரன்ஸ் 1800, கிறிஸ்டா 1830, இரண்டும் நடுவாந்தரம்.

அப்படியானால் ஸ்கார்ப்பியோவின் கடைசி வரிசையும் சுகமாக இருக்க வேண்டுமே? அங்கேதான் சூட்சுமம். ஸ்கார்ப்பியோ மாதிரி வண்டிகளை லாரி கட்டுகிற முறையில் கட்டுகிறார்கள். கீழே ஏணி மாதிரி இரும்புச் சட்டம். அதன் மேல் உடலைத் தூக்கி வைக்கிறார்கள். கரடுமுரடான பாதைக்கு இது பலம். ஆனால் சட்டத்தின் மேல் தரை வருவதால் வண்டிக்குள் தரை உயர்ந்துவிடுகிறது. கடைசி வரிசைக்கு நேர் கீழே பின் அச்சு வேறு இருக்கிறது. தரை உயர, கூரை உயராமல் நிற்க, ஆசனத்தைத் தரையோடு தரையாகப் போட வேண்டியதாகிறது. அதில் உட்கார்ந்தால் முழங்கால் மார்புக்கு வரும். அம்மியில் அரைக்கக் குந்தி உட்கார்ந்த மாதிரி இருக்கும். தொடைக்கு ஆதாரம் இல்லை. உடம்பின் பாரம் முழுவதும் இடுப்பின் அடியிலேயே இறங்கும். அரை மணியில் கால் மரத்துப் போகும்.

எர்டிகா, கேரன்ஸ், ஹைகிராஸ் இவற்றில் தனிச் சட்டம் கிடையாது. உடலும் தரையும் ஒரே கூடாக வார்த்தவை. எஞ்சினின் இழுவையும் முன் சக்கரத்துக்கே போய்விடுவதால் பின்னால் தரையைத் தாழ்த்தி அமைக்க முடிகிறது. ஏறுவதற்கும் உயரம் குறைவு. எக்ஸ்யூவி 700 கூட ஒரே கூடுதான். ஆனால் அதன் வடிவம் பின்னால் சரிந்து வருவதால் கடைசி வரிசை பிள்ளைகளுக்குப் போதும், பெரியவர்களுக்குக் கொஞ்சம் கஷ்டம். கிறிஸ்டா ஒரு விதிவிலக்கு. அது சட்டத்தின் மேல் கட்டியதுதான் என்றாலும், பெட்டி மாதிரி நெட்டாகவும் நீளமாகவும் அமைத்திருப்பதால் பின்னால் பெரியவர்கள் உட்கார முடிகிறது. டாக்ஸிக்காரர்கள் அதை விடாமல் பிடித்துக்கொண்டிருப்பது சும்மா இல்லை.

நாலு மீட்டருக்குள் அடங்கிய குட்டி எஸ்யூவிகளைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். 2006இல் மத்திய அரசு சின்னக் கார்களுக்கு வரியைக் குறைத்தது. நாலு மீட்டருக்குள் நீளம் இருந்தால் சலுகை. உடனே கம்பெனிகள் வண்டிகளை அந்தக் கணக்குக்குள் அடக்க ஆரம்பித்தன. 2025 செப்டம்பர் 22 முதல் வந்த ஜி.எஸ்.டி. விகிதத்திலும் இந்தக் கோடு இருக்கிறது: நாலு மீட்டருக்குள் சின்ன எஞ்சின் என்றால் 18 சதவிகிதம், பெரிய வண்டி என்றால் 40. முகப்பை வெட்டினால் கம்பீரம் போய்விடும். ஆகையால் வெட்டு விழுவது சாமான் வைக்கும் இடத்திலும் பின் ஆசனத்திலும்தான். நாலு பேர் குடும்பத்துக்கு இவை நல்ல வண்டிகள். ஆறு பேருக்கு அல்ல.

இனி ஆசனத்தைப் பற்றி. மெத்தென்று இருப்பதுதான் சுகம் என்று நினைக்கிறோம். கடையில் பத்து நிமிஷம் உட்கார்ந்தால் அப்படித்தான் தோன்றும். பெங்களூர் போக இரண்டரை மணி, மூன்று மணி உட்காரும்போதுதான் அமுங்குகிற ஆசனம் இடுப்பைப் பிடிக்கும். தொடையை முழங்காலின் பக்கம் வரை தாங்குகிற நீளம் வேண்டும். ஆனால் ஆசனத்தின் விளிம்புக்கும் முழங்காலின் மடிப்புக்கும் இடையே இரண்டு மூன்று விரல் இடைவெளியும் வேண்டும். பாதம் தரையில் பதிய வேண்டும். முதுகு லேசாகச் சாய வேண்டும். நம் பெண்களில் பலர் உயரம் குறைந்தவர்கள். ஆணின் அளவுக்கு அமைத்த ஆழமான ஆசனத்தில் உட்கார்ந்தால் பாதம் தொங்கும், அல்லது முதுகு சாய்மானத்தைத் தொடாது. இடுப்புக்குப் பின்னால் ஒரு சின்னத் தலையணை வைத்தால் பாதிக் கஷ்டம் தீரும்.

முழங்கால் வலிக்காரர்களுக்கு மிக முக்கியமானது ஏறும் உயரம். நிற்கும்போது ஆசனம் அவர்கள் இடுப்பின் உயரத்துக்குச் சற்றுக் கீழே இருந்தால் நல்லது. முதலில் பக்கவாட்டில் உட்கார்ந்து, பிறகு இரண்டு காலையும் சேர்த்து உள்ளே எடுத்துக்கொள்ளலாம். தாழ்ந்த காரில் 'தொப்'பென்று விழ வேண்டியிருக்கும். எழுந்திருக்க ஆள் வேண்டும். ஸ்கார்ப்பியோ போன்றவற்றில் படியில் ஒற்றைக் காலை ஊன்றி உடம்பைத் தூக்க வேண்டும். வலிக்கிற முழங்காலுக்கு அதைவிடத் தண்டனை இல்லை. புடவைக் கொசுவம் படியில் மிதிபடுகிற ஆபத்து வேறு. ஒகேனக்கல் போன ஜீப்பில் அத்தைக்கு நேர்ந்தது பெரும்பாலும் இதுவாகத்தான் இருக்கும். கதவின் ஓரத்தில் பிடித்துக்கொள்ளக் கைப்பிடி இருக்கிறதா என்று அவசியம் பாருங்கள்.

கடைசி வரிசைக்குப் போகும் வழியையும் பார்க்க வேண்டும். எர்டிகாவில் நடு வரிசை முன்னும் பின்னும் நகரும், சாயும். கேரன்ஸின் உயர்ந்த ரகங்களில் ஒரு பொத்தானைத் தட்டினால் நடு ஆசனமே மடிந்து வழி விடுகிறது. ஸ்கார்ப்பியோ-என்னில் நடு வரிசை முன்னே பின்னே நகர்வதில்லை. ஆகவே பின்னால் இருப்பவருக்குக் கிடைத்த இடம் கிடைத்ததுதான். நடு வரிசையில் இரண்டு தனி நாற்காலி போட்ட ரகமும் பல வண்டிகளில் உண்டு. பெரியவர்களுக்கு அது ராஜபோகம். ஆனால் ஏழு ஆறாகிவிடும் என்பதை மறக்காதீர்கள்.

தர்மபுரிக்கென்று சில விசேஷங்கள் இருக்கின்றன. தர்மபுரியிலிருந்து ஒகேனக்கல் 46 கிலோ மீட்டர். பென்னாகரம் தாண்டிக் காட்டுக்குள் இறங்கும் பாதை வளைந்து வளைந்து போகிறது. வத்தல்மலைக்கோ கேட்கவே வேண்டாம், கொண்டை ஊசி வளைவுகள். இந்தப் பாதைகளில் கடைசி வரிசைக்காரருக்குத்தான் தலை சுற்றல் அதிகம். பின் அச்சின் மேல் உட்கார்ந்திருப்பதால் ஒவ்வொரு குலுக்கலும் அவருக்கு நேரே வரும். முன்னால் பாதையும் கண்ணுக்குத் தெரியாது. காது ஒரு திருப்பத்தைச் சொல்லும், கண் சும்மா இருக்கும், வயிறு புரளும். வாந்தி வருகிற குழந்தையை நடு வரிசையில் பாதை தெரிகிற இடத்தில் உட்கார வையுங்கள். இஞ்சி மிட்டாயோ, நம் ஊர்ப் புளி மிட்டாயோ கையில் இருக்கட்டும்.

சேலம் போகும் வழியில் தொப்பூர்க் கணவாய் இருக்கிறது. சரிவில் லாரிகள் பிரேக் இழந்து முன்னால் போகும் வண்டிகளில் மோதிய விபத்துக்கள் அங்கே எத்தனை! ஆகவே இடம், சுகம் என்று பேசும்போது பாதுகாப்பையும் சேர்த்தே பேச வேண்டும். பொலிரோ போன்ற வண்டிகளில் பின்னால் பக்கவாட்டில் பார்க்கும் ஆசனம் உண்டு. ஊருக்குள் நாலு தெரு போக அது சரி. நெடுஞ்சாலையில் அதில் யாரையும் உட்கார வைக்காதீர்கள். வண்டி மோதினால் உடம்பு பக்கவாட்டில் தூக்கி எறியப்படும். தாங்க ஒன்றும் இருக்காது.

பின்னால் இருப்பவர்களும் பெல்ட் போட்டுக்கொள்ள வேண்டும். 2019இல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டப்படி, பெல்ட் இல்லாவிட்டால் 1000 ரூபாய் அபராதம். பதினாலு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கும் பெல்ட்டோ குழந்தை ஆசனமோ கட்டாயம். குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு முன் ஆசனத்தில் உட்காருவது பாசம் அல்ல, ஆபத்து. விபத்தில் காற்றுப்பை வெடித்து விரியும் வேகத்தில் முதல் அடி குழந்தைக்குத்தான். கர்ப்பிணிகள் பெல்ட்டின் கீழ்ப் பட்டையை வயிற்றின் மேல் போடாமல், வயிற்றுக்குக் கீழே இடுப்போடு ஒட்டிப் போட்டுக்கொள்ள வேண்டும்.

சாமான் சங்கதி. மூன்று வரிசையும் நிமிர்ந்திருக்கும்போது எர்டிகாவில் பின்னால் மிஞ்சுவது 209 லிட்டர் இடம். இரண்டு நடுத்தரப் பைகள் போகும். கிரேட்டாவில் 433 லிட்டர். ஏனென்றால் அங்கே மூன்றாம் வரிசையே இல்லை. ஸ்கார்ப்பியோவில் கடைசி வரிசையை நிமிர்த்தினால் ஒரு கூடை வைக்கவே திண்டாட்டம். "ஏழு பேரும் போகலாம், ஏழு பேர் சாமானும் போகலாம்" என்று விற்பனையாளர் சொன்னால் புன்சிரிப்போடு கேட்டுக்கொள்ளுங்கள். மாம்பழக் கூடையையும் தவலையையும் கடைசி வரிசைக்காரர் தலைக்குப் பின்னால் அடுக்காதீர்கள். திடீரென்று பிரேக் போட்டால் அவை பறந்து வரும்.

வெயிலைப் பற்றியும் ஒரு வார்த்தை. தோல் மாதிரி உறை பார்க்க அழகு. சித்திரை வெயிலில் நின்ற வண்டியில் அதன் மேல் உட்கார்ந்தால் தோசைக்கல். துணி உறை கொஞ்சம் அழுக்காகும். ஆனால் வியர்வையை இழுத்துக்கொள்ளும். கடைசி வரிசைக்குத் தனியாகக் குளிர்காற்று வருகிறதா, அங்கே ஜன்னல் கண்ணுக்கு நேராக இருக்கிறதா என்றும் பாருங்கள்.

கடைக்குப் போகும்போது இப்படிச் செய்யுங்கள். அத்தையையும் மாமாவையும் கட்டாயம் அழைத்துப் போங்கள். கடையில் முன் ஆசனத்தை முன்னால் தள்ளி வைத்திருப்பார்கள். பின்னால் இடம் தாராளமாகத் தெரிவதற்காக. முதலில் உங்கள் வீட்டுக்காரர் ஓட்டுகிற வசத்துக்கு ஆசனத்தை வைத்து உட்காரட்டும். அவருக்குப் பின்னால் அத்தை. அத்தைக்குப் பின்னால் நீங்கள். முழங்காலுக்கும் முன் ஆசனத்துக்கும் நடுவே ஒரு கைமுஷ்டி நுழைகிறதா? தலைக்கு மேல் நாலு விரல் இருக்கிறதா? தொடை ஆசனத்தில் படிகிறதா, அந்தரத்தில் நிற்கிறதா? பிறகு அப்படியே அரை மணி நேரம் வண்டியை ஓட்டச் சொல்லுங்கள். நல்ல சாலை அரை தூரம், வேகத்தடையும் பள்ளமும் உள்ள சாலை அரை தூரம். கடைசியாக ஒரு தடவை உங்கள் வீட்டுக்காரரைக் கடைசி வரிசையில் உட்கார வைத்து நீங்கள் முன்னால் வாருங்கள். ஆயிரம் வார்த்தை பேசுவதை அந்தப் பத்து நிமிஷம் பேசிவிடும்!

இனி என் அபிப்பிராயம். தினப்படி நாலைந்து பேர்தான் போகிறீர்கள், பாதையும் மோசம் என்றால் ஸ்கார்ப்பியோ வாங்கட்டும். ஆனால் அத்தை ஏறுவதற்கு ஒரு தாழ்ந்த படி போட்டே ஆக வேண்டும். ஆறு பேர் அடிக்கடி சேர்ந்து போவதென்றால் ஐந்து பேர் கிரேட்டாவைப் பற்றிப் பேசவே வேண்டாம். கை இறுக்கம் என்றால் எர்டிகா. இன்னும் கொஞ்சம் முடிந்தால் கேரன்ஸ். கடன் கழுத்தை நெரிக்காது என்றால் ஹைகிராஸ். இந்த மூன்றிலும் முழங்கால் வலிக்காரர் அதிகம் சிரமப்படாமல் ஏறி இறங்கலாம். அதுவும் வேண்டாம் என்றால், ஐந்து பேர் காரை வாங்கிக்கொண்டு, வருஷத்தில் நாலைந்து நாள் நாத்தனார் வரும்போது இன்னோவா டாக்ஸி வைத்துக்கொள்ளலாம். வங்கி வட்டியோடு கணக்குப் போட்டால் பல வீடுகளுக்கு இதுதான் மலிவு.

வண்டி வந்த பிறகு ஒரு வழக்கம் வையுங்கள். போகும்போது கடைசி வரிசையில் உட்கார்ந்தவர் வரும்போது நடுவில் உட்கார வேண்டும். பெரியவர்களுக்கு மட்டும் விலக்கு. பிள்ளைகளுக்கு இதைச் சின்ன வயசிலேயே பழக்கிவிடுங்கள், சகோதரி. வருகிற ஆடிப்பெருக்குக்கு அத்தை ஒகேனக்கல் வந்தார்களா, வழியில் சுகமாக இருந்ததா என்று எனக்கு இரண்டு வரி எழுதுங்கள். எந்த வண்டி வாங்கினீர்கள் என்பதை அதற்கப்புறம் எழுதினால் போதும்.